சல்லி அம்மாள் மூன்று தரம் சொன்னது

சிவபாக்கியத்துக்கும் எனக்கும் முப்பது வருடப் பழக்கம். திருகோணமலையில் ஒரே பாடசாலையில் அவள் கணிதம் படிப்பித்தாள், நான் பூமிசாத்திரம் படிப்பித்தேன். கணக்கு என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே வேப்பெண்ணெய். அவளுக்கோ ஊர்க்கதை என்றால் அலுப்பு. இப்படி ஒன்றுக்கொன்று ஒவ்வாத இரண்டு பேர் ஆசிரியர் அறையில் பக்கத்துப் பக்கத்துக் கதிரைகளில் இருந்து ஒரு வாழ்நாளைக் கழித்துவிட்டோம். ஆனபடியால் அவளைப் பற்றி எழுத எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். அவள் இருந்திருந்தால் விட்டிருக்கமாட்டாள். "உன்ரை எழுத்தில அரைவாசி புளுகு" என்றிருப்பாள். அரைவாசி என்பதையும் கணக்குப் பார்த்துத்தான் சொல்லியிருப்பாள்.

ஊர் அவளைக் கர்வக்காரி என்றது. கலியாணம் கட்டாமல் தனி வீட்டில் இருக்கிற படித்த பெண்ணை ஊர் வேறு என்னவென்று சொல்லும்? கோவில் குளம் என்று அவள் அலைவதில்லை. தேர், தீர்த்தம் ஒன்றுக்கும் வரமாட்டாள். ஆனால் வருடத்தில் ஒரு நாள், பங்குனி மாதத்தில், தனியாக, கடலோரத்துச் சல்லிக் கிராமத்தில் உள்ள முத்துமாரி அம்மன் கோவிலுக்குப் போய் வருவாள். ஏன் என்று கேட்டால் சோதனைத்தாள் திருத்துகிற கதைக்குப் போய்விடுவாள். நாங்கள் இருவரும் ஓய்வு பெற்ற பிறகுதான் ஒரு நாள் வாய் திறந்தாள். அவள் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவளுடைய தகப்பன் வீரசிங்கம் துறைமுகத்தில் நேவி ஸ்ரோரில் கிளாக்கராக வேலை பார்த்தவர். வாய்க்குள் கொழுக்கட்டை வைத்திருக்கிறாரோ என்று கேட்கத் தோன்றும். அவ்வளவு பேசாத மனிதர். கடவுள் பக்தி மட்டும் அதிகம். வெள்ளிக்கிழமை விரதம், செவ்வாய்க்கிழமை சல்லி அம்மாள். மனைவி இளம் வயதிலேயே இறந்துபோக, அவருடைய தமக்கை பூரணம் வந்து வீட்டைப் பொறுப்பேற்றாள். பூரணம் மாமி கைம்பெண். அவளுக்கும் வேறு போக்கிடம் இல்லை. இந்த மூன்று பேர்தான் அந்த வீடு. அந்த வீட்டில் கேட்கிற குரல் எல்லாம் மாமியுடையதுதான்.

சிவபாக்கியம் உதவிப்பணம் பெற்றுக் கொழும்புக்குப் பல்கலைக்கழகக் கல்லூரிக்குப் போனபோது மாமி மூன்று நாள் சாப்பிடவில்லை. தகப்பன் விண்ணப்பத்தில் கையெழுத்தைப் போட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் வேலைக்குப் போனார். தலைமை ஆசிரியை வீடு தேடி வந்து நெருக்கியதால் போட்டார் என்றுதான் மகள் நினைத்தாள். மகிழ்ச்சி இருந்தால் ஒரு சொல்லாவது சொல்லியிருப்பாரே.

கொழும்பில் அவள் எடுத்தது புள்ளிவிபரவியலும் நிகழ்தகவும். இன்றைக்கு இந்தச் சொற்களைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சொல்லுவார்கள். அன்றைக்குத் தமிழில் அந்தப் படிப்புக்குப் பெயரே புழக்கத்தில் இல்லை. மேல்வகுப்பில் அதை எடுத்தவர்கள் ஆறு பேர்; மற்ற ஐவரும் ஆண்கள். அவர்கள் ஒரு பக்கத்தில் இருந்து தங்களுக்குள் கதைப்பார்கள், இவள் மறுபக்கத்தில் இருந்து எழுதுவாள். விடுதிப் பெண்கள் ஆங்கிலமும் சரித்திரமும் படித்தார்கள். சாப்பாட்டு மேசையில் இவளுடைய பாடத்தைப் பற்றிக் கதைக்க ஓர் ஆள் கிடையாது. ஒரு அழகான நிறுவலை முடித்துவிட்டு அதைக் காட்ட ஒருவரும் இல்லாமல் புத்தகத்தை மூடி வைப்பதைப் போல ஒரு தனிமை வேறு இல்லை என்று என்னிடம் சொன்னாள். எனக்கு நிறுவல் விளங்காது. தனிமை விளங்கியது.

விடுமுறைக்கு வந்தபோது மாமி விசாரித்தாள்.

"நீ என்னடி பிள்ளை அங்கை படிக்கிறாய்?"

"ஒரு காரியம் நடக்கிறதுக்கு எவ்வளவு சாத்தியம் இருக்கு எண்டு கணக்குப் பாக்கிறது, மாமி."

"உதைத்தானே எங்கட சாத்திரியார் இங்கை பாக்கிறார்? அதுக்கேன் ரயில் ஏறிக் கொழும்புக்குப் போறாய்?"

தகப்பன் பக்கத்தில் இருந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

இதெல்லாம் நாற்பத்தொன்றாம் ஆண்டு வரைக்கும். பிறகு யப்பான்காரன் யுத்தத்தில் குதித்தான். படிப்பித்த வெள்ளைக்காரரை யுத்தத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். மாசி மாதம் சிங்கப்பூர் விழுந்தது. கல்லூரியை இராணுவம் கேட்கிறது என்று கதை அடிபட்டது. கடைசி வருடப் பிள்ளைகள் வீட்டில் இருந்து படியுங்கள், பங்குனிக் கடைசியில் திரும்பி வந்தால் மிச்சப் பாடங்களை முடித்துச் சோதனை எழுதலாம் என்று அனுப்பிவிட்டார்கள். சிவபாக்கியம் புத்தகப் பெட்டியோடு திருகோணமலைக்கு வந்து இறங்கினாள்.

ஊர் ஊராக இல்லை. துறைமுகம் முழுக்கச் சாம்பல் நிறக் கப்பல்கள். தெரு முழுக்க வெள்ளைத் தொப்பிகள். வசதி உள்ளவர்கள் பெண்டு பிள்ளைகளைத் தம்பலகாமம், கந்தளாய் என்று உள்ளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அடுத்த வீடு பூட்டியிருந்தது. எதிர் வீட்டில் ஒரு நாய் மட்டும் இருந்தது. சிவபாக்கியம் அறைக்குள் மேசையைப் போட்டுப் படித்தாள். சந்தேகம் கேட்க ஆள் இல்லாததால் தன்னையே கேட்டுக்கொண்டாள். புத்தகத்தில் ஒரு அதிகாரத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று பெட்டியில் கிடந்த தாயச் சோகிகளை, அதாவது சோழிகளை, எடுத்து நிலத்தில் எறிந்து, எத்தனை நிமிர்ந்தன, எத்தனை கவிழ்ந்தன என்று எழுதத் தொடங்கினாள். மாமி கதவு இடுக்கால் பார்த்தாள். குமர்ப்பிள்ளை தனியே அறையைப் பூட்டிக்கொண்டு சோகி எறிகிறாள்! ஒன்றில் சூதாட்டம், இல்லாவிட்டால் மூளைக்கோளாறு. இரண்டுக்கும் மாமிக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான்.

தம்பலகாமத்தில் ஒரு மாப்பிள்ளை இருந்தார். வயலும் மாடும் உள்ள குடும்பம், நல்ல மனிதர்கள். சித்திரையில் கலியாணத்தை வைத்துக்கொள்வோம் என்று மாமி ஆள் அனுப்பிவிட்டாள். மாமியை நான் குறை சொல்லமாட்டேன். ஊர் முழுக்கச் சிப்பாய்கள். இளம் வயதில் தாலி அறுத்தவளுக்குப் பெண்பிள்ளையின் தனிமை என்ன என்று தெரியும். அவளுக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பு ஒரு புருஷன்.

பங்குனி நடுப்பகுதியில் ஒரு மத்தியானம் சண்டை வெடித்தது. தகப்பன் குசினியில் பலகையில் இருந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நான் சோதனை எழுதவேணும், மாமி. மூண்டு வருஷம் படிச்சதை விட்டிட்டு வர ஏலாது."

"உயிரோட இருந்தால்தானே சோதனை? கொழும்பில குண்டு போடப்போறான் எண்டு ஊரே கதைக்குது. நீ கலியாணத்தைக் கட்டிக்கொண்டு தம்பலகாமத்தில இரு."

"கட்டின பிறகு ஆர் என்னை விடுவினம்?"

"ஏன் விடவேணும்?"

அவள் தகப்பன் பக்கம் திரும்பினாள். "அப்பா, நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோ. நான் போறதோ, இல்லையோ?"

வீரசிங்கம் மகளைப் பார்த்தார், தமக்கையைப் பார்த்தார். பாதிச் சோற்றில் எழும்பிக் கையைக் கழுவிக்கொண்டு முற்றத்துக்குப் போனார். அதுதான் மறுமொழி என்று சிவபாக்கியம் எடுத்துக்கொண்டாள். அப்பா மாமியின் பக்கம். அதில் அவளுக்கு ஒரு துளி சந்தேகமும் இருக்கவில்லை.

மாமிக்கு அந்த மௌனம் போதவில்லை. முற்றத்தைப் பார்த்துச் சொன்னாள்: "சரி தம்பி. நீயும் சொல்லமாட்டாய், இவளும் கேக்கமாட்டாள். சல்லி அம்மாளிட்டப் பூக்கட்டிப் பாப்பம். அம்மாள் சொன்னால் சொன்னதுதான்."

"ஓம்," என்றார் வீரசிங்கம். "கேப்பம்."

அன்றைக்கு அவர் சொன்னது அந்த இரண்டு சொல்தான்.

பூக்கட்டிப் பார்ப்பது தெரியாதவர்களுக்காகச் சொல்லுகிறேன். ஒரு வெள்ளைப் பூ, ஒரு சிவப்புப் பூ. ஒவ்வொன்றையும் வாழையிலைத் துண்டில் சுற்றி, ஒரே மாதிரி நூலால் கட்டி, அம்மன் முன்னால் வைப்பார்கள். யாருக்காகக் கேட்கிறார்களோ அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிக்கொள்வார்கள். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக்கூடாது. அப்படியே கொண்டுபோய்க் கடலில் விட்டுவிட வேண்டும். அம்மாள் சொல்லாததை மனிதர் எட்டிப் பார்ப்பது மரியாதை இல்லை என்று ஒரு எண்ணம்.

படித்த பெண் இதற்கு எப்படிச் சம்மதித்தாள் என்று நான் கேட்டேன். அவள் சொன்ன காரணம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. இரண்டு பொட்டலத்தில் ஒன்று என்றால் பாதிக்குப் பாதி. அந்த வீட்டில் அதுவரை அவளுக்குப் பாதி வாய்ப்புக்கூட ஒருவரும் தந்ததில்லை. மனிதர்கள் தராததைப் பூவாவது தருகிறதே என்று போனாளாம்.

அலியார் என்பவரின் மாட்டுவண்டியில் உப்புவெளிவரை போய், அங்கிருந்து கடற்கரையால் சல்லிக்கு நடந்தார்கள். தோணிகள் கரையில் இழுத்து விடப்பட்டிருந்தன. பாயில் காய்ந்த மீனைக் காகம் கொத்தாமல் ஒரு பெண் காவல் இருந்தாள். கோவில் கிணற்றடியில் இரண்டு அலரி மரங்கள் நின்றன, ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு. பூசாரி முருகேசு இலையும் நூலும் கொடுத்தார். வீட்டுத் தலைவன்தான் பூவைக் கட்ட வேண்டும் என்பது முறை. வீரசிங்கம் கிணற்றடிக்குப் போய், இவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, கட்டிக்கொண்டு வந்தார். பொட்டலங்களை அம்மன் முன்னால் வைத்தபோது அவருடைய கை நடுங்கியது. மகளை விட மனமில்லாமல் நடுங்குகிறது என்று சிவபாக்கியம் நினைத்தாள். அவளுக்குக் கோபம் வந்தது.

எடுத்தாள். மாமி பிரித்தாள். வெள்ளை.

"ஒருக்காக் கேட்டால் காணாது," என்றாள் மாமி. "திரும்பக் கேப்பம்."

எடுக்காத பொட்டலத்தைக் கடலில் விட்டுவிட்டு வந்து வீரசிங்கம் மறுபடி கிணற்றடிக்குப் போனார். மறுபடி கட்டினார். மறுபடியும் வெள்ளை. மாமியின் முகம் கறுத்தது. மூன்றாவது தரமும் கேட்பதுதான் வழக்கம் என்றாள். மூன்றாவது தரமும் வெள்ளை வந்தது. மாமி கும்பிட்டுக்கொண்டு, "சரி தாயே, நீ சொல்லிப்போட்டாய்," என்று ஒப்புக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மூன்று தரமும் வெள்ளை விழ எட்டில் ஒரு பங்குதான் வாய்ப்பு என்று சிவபாக்கியம் நின்ற நிலையிலேயே கணக்குப் பார்த்தாள். எட்டில் ஒன்று ஒன்றும் அதிசயம் இல்லை. நடக்கக்கூடியதுதான், நடந்துவிட்டது. அவள் வாழ்க்கையில் முதல் தரமாக அதிர்ஷ்டம் அவள் பக்கம் நின்றது. அவ்வளவுதான் அவள் நினைத்தாள்.

கொழும்புக்குப் போகிற நாள் வந்தது. தகப்பன் பெட்டியைச் சைக்கிளில் வைத்து ஸ்ரேசனுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். வழி நெடுக ஒரு பேச்சும் இல்லை. மேடையில் நிற்கும்போது அவளுக்கு மனம் பொங்கிவிட்டது.

"அப்பா, நான் படிக்கிறது உங்களுக்கு விருப்பமில்லை எண்டு எனக்குத் தெரியும். ஒரு நாளும் நீங்கள் எனக்காக ஒரு சொல்லும் சொன்னதில்லை. அம்மாள்தான் எனக்கு நீதி செய்தவ. நீங்கள் செய்யேல்ல."

வீரசிங்கம் பெட்டியை ரயிலுக்குள் தூக்கி வைத்தார். பிறகு, "ஓம் பிள்ளை, அம்மாள்தான்," என்றார். ரயில் வெளிக்கிடும்வரை சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு அவள் தகப்பனைக் காணவில்லை. கொழும்பில் குண்டு விழுந்தது. அவள் தப்பிவிட்டாள். நாலு நாள் கழித்து, வருஷம் பிறக்கக் கொஞ்ச நாள் இருக்கும்போது, திருகோணமலையில் விழுந்தது. காலை வேளை, வீரசிங்கம் வேலையில் இருந்தார். தந்தி வந்து, ரயில் இல்லாமல் அலைந்து, இடையில் லொறியில் தொற்றி, அவள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஒன்றுவிட்ட மைத்துனன் ஒருவன் கொள்ளி வைத்திருந்தான். நடு அறையில் ஒரு விளக்கு எரிந்தது. அதற்குப் பக்கத்தில் அவருடைய கண்ணாடி.

ஊர் காலியாகிவிட்டது. கடைகள் பூட்டு. கப்பல்களும் எங்கேயோ போய்விட்டன. துறைமுகம் கழுவிய சட்டிபோல வெறுமையாகக் கிடந்தது. உறவினர் வந்து தம்பலகாமத்துக்குக் கூப்பிட்டார்கள். மாமி அசையவில்லை. "அந்தியேட்டி முடியும்வரை விளக்கு வைச்ச வீட்டைப் பூட்டிப்போட்டு வர ஏலாது," என்றாள். முப்பத்தொராம் நாள் கிரியை வரைக்கும் இரண்டு பெண்கள், ஒரு விளக்கு, எதிர் வீட்டு நாய். மாமி அழுவாள், சமைப்பாள், அழுவாள். சிவபாக்கியத்துக்கு அழுகை வரவில்லை. தகப்பனோடு கோபமாகப் பிரிந்தவளுக்குக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. சோதனையை ஆவணிக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள் என்று அறிந்தாள். வேறு ஒன்றும் செய்யத் தெரியாததால் மறுபடி மேசையில் இருந்து படித்தாள்.

அப்போதுதான் புத்தகத்தில் அந்த அதிகாரம் வந்தது. அவள் எனக்கு விளங்கப்படுத்தியபடி எழுதுகிறேன், பிழை இருந்தால் என்னுடையது. கண்ணால் கண்டதை வைத்துக்கொண்டு, காணாத காரணத்தை எப்படி மதிப்பிடுவது என்பது அந்தப் பாடம். முதலில் உனக்கு ஒரு எண்ணம் இருக்கும். அது எவ்வளவு உண்மையாக இருக்கலாம் என்று ஒரு எண் கொடு. பிறகு ஏதாவது நடந்தால், அதைக் கொண்டு அந்த எண்ணைத் திருத்து. இவ்வளவுதான்.

அதிகாரத்தின் கடைசியில் ஒரு பயிற்சி இருந்தது. ஒரு பைக்குள் இரண்டு பந்துகள். இரண்டும் வெள்ளையாக இருக்கலாம், இல்லாவிட்டால் ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு. எது என்று தெரியாது, இரண்டுக்கும் சமவாய்ப்புக் கொடு. ஒன்றை எடுக்கிறாய், வெள்ளை. திரும்பப் போட்டு எடுக்கிறாய், வெள்ளை. மூன்றாம் தரமும் வெள்ளை. இரண்டு பந்துமே வெள்ளையாக இருக்க வாய்ப்பு எவ்வளவு?

அவளுக்கு அது சின்ன வேலை. ஒன்பதில் எட்டு என்று விடையை எழுதினாள். அடுத்த கேள்வியின் இலக்கத்தையும் எழுதிவிட்டாள். பிறகு பேனையை வைத்தாள்.

வெள்ளை, வெள்ளை, வெள்ளை.

மூன்று தரமும் பூ எடுத்தவள் அவள். நிகழ்தகவு படித்தவள். எட்டில் ஒன்று என்று உடனே கணக்குப் பார்த்தவள். ஆனால் இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையே இருந்திருக்கலாம் என்ற வழி அவளுடைய மனதில் ஒரு கணமும் வரவில்லை. ஏன் வரவில்லை? கட்டியவர் அப்பா. அப்பா தன் பக்கம் நிற்கக்கூடும் என்பதற்கு அவள் பூச்சியம் போட்டிருந்தாள். முன்னெண்ணத்துக்குப் பூச்சியம் போட்டால் அதற்குப் பிறகு எதைக் கண்டாலும் பிரயோசனம் இல்லையாம். பூச்சியத்தை எதால் பெருக்கினாலும் பூச்சியம்தான். நடுங்கிய கை, காட்டிய முதுகு, பேசாமல் போட்ட கையெழுத்து, சைக்கிளில் தள்ளி வந்த பெட்டி, எல்லாம் அவள் கண் முன்னால்தான் நடந்தன. ஒன்றும் கணக்கில் ஏறவில்லை.

ஆனாலும் ஒன்பதில் எட்டு நிச்சயம் ஆகாது. மிச்ச ஒன்று அவளை அரித்தது. அடுத்த நாள் காலையில் மாமியிடம் கடற்கரைக்கு என்று சொல்லிவிட்டுச் சல்லிவரை தனியே நடந்தாள். செத்த வீட்டுத் துடக்கு உள்ளவள் என்பதால் கோவிலுக்குள் போகாமல் வெளியே நின்றாள். பூசாரி முருகேசு வேப்ப மரத்தடியில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். இவளைக் கண்டதும் எழும்பி வந்தார்.

"ஐயா, அண்டைக்கு அப்பா கட்டின பூவைப் பற்றிக் கேக்க வந்தனான். சிவப்பு அலரி பிடுங்கினவரோ?"

முருகேசு கிணற்றடியைப் பார்த்தார். "இப்ப ஏன் பிள்ளை அதை?"

"சொல்லுங்கோ ஐயா."

"கொப்பர் மூண்டு தரம் கிணத்தடிக்கு வந்தவர். மூண்டு தரமும் வெள்ளை மரத்தில மட்டும்தான் பிடுங்கினவர். சிவப்பு மரத்தடிக்குப் போகவே இல்லை."

"நீங்கள் கண்டனீங்களோ?"

"கண்டனான்."

"அப்ப ஏன் சொல்லேல்ல?"

"அம்மாளே பாத்துக்கொண்டு பேசாமல் இருக்கிறா. நான் ஆர் பேச?"

சிவபாக்கியம் மணலில் இருந்துவிட்டாள். பூசாரி போகத் திரும்பினார். பிறகு, சொல்லுவதா விடுவதா என்று யோசித்து, சொன்னார்.

"நீ கொழும்புக்குப் போன அடுத்த நாள் மனுசன் தனிய வந்தவர். குளிச்சு, ஈர வேட்டியோட கோவிலைச் சுத்திப் பிரதட்டை பண்ணினவர். அந்த வெய்யில் மணல்ல உருண்டவர். எனக்குத் தெரிய அவர் சத்தம் போட்டுக் கதைச்சது அண்டைக்குத்தான். 'தாயே, உன்ரை வாயை நான் பொத்திப்போட்டன். பிழை என்ரை. தண்டனை எண்டால் எனக்குத் தா. என்ரை பிள்ளையின்ரை படிப்பில கை வையாதை' எண்டு குழந்தை மாதிரி அழுதவர்." முருகேசு குரலைத் தாழ்த்தினார். "பிறகு, குண்டு விழுந்ததெண்டு கேள்விப்பட்ட உடன, நான்..."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை!" அவள் கத்திவிட்டாள். "அண்டைக்குத் துறைமுகத்தில செத்த எல்லாரும் பூக்கட்டினவையோ, ஐயா?"

முருகேசு தலையை ஆட்டினார். சரி என்று ஆட்டினாரா, பாவம் என்று ஆட்டினாரா, தெரியாது. அவர் போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டு வந்து வைத்துவிட்டு வலையடிக்குப் போனார். தகப்பன் செத்ததற்கு அவள் அழுதது அன்றைக்குத்தான். மீன் காயவைக்கிற பெண்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனார்களாம்.

அந்தியேட்டி முடிந்தது. விளக்கை எடுத்தார்கள். மாமி ஈரத் தலையோடு வந்து பக்கத்தில் இருந்தாள்.

"பிள்ளை, வருஷம் திரும்பி ஆட்டைத் திவசம் முடியாமல் கலியாணம் இல்லைத்தான். எண்டாலும் அவையள் காத்திருக்கிறம் எண்டு சொல்லியிருக்கினம். நிலைமை மாறிட்டுது. ஆம்பிளை இல்லாத வீடு. திரும்ப ஒருக்கா அம்மாளிட்டக் கேப்பம். நான் பூவைக் கட்டுறன்."

உண்மையைச் சொன்னால் மாமியை மடக்கிவிடலாம். ஆனால் சொல்ல ஏலாது. சொன்னால், தம்பி செய்த குற்றத்துக்குத்தான் குண்டு விழுந்தது என்று மாமி நம்புவாள். நம்பிச் சாகும்வரை அழுவாள். அதுவும் ஒரு கணக்குத்தான். இதற்கு எந்தப் புத்தகமும் வேண்டாம்.

"இனிக் கேக்கத் தேவையில்லை, மாமி," என்றாள். "அப்பா தன்ரை கையால கட்டி, மூண்டு தரம் மறுமொழி வந்தது. அவர் செத்தாப்போலை அதை மாத்துறதோ?"

மாமி ஈரத் தலையை முடிந்துகொண்டாள். பிறகு எழும்பிப் போய்க் குசினியில் ஏதோ பாத்திரத்தை உருட்டினாள். ஆவணியில் மருமகளுக்கு வழிக்குக் கட்டிக் கொடுத்த புளிச்சாதம் ரயிலில் நாலு பேருக்குப் போதுமாக இருந்ததாம்.

சோதனை எழுதினாள், சித்தியடைந்தாள். பேப்பரில் பெயர் வந்த நாளில் அவளுக்கு அதைக் காட்ட வேண்டியிருந்த ஆள் இல்லை. மாமி பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதில கொப்பரின்ரை பேரும் கிடக்கோ?" என்று கேட்டாள். "கிடக்கு, மாமி," என்று சொல்லி, தன் பெயரோடு வீரசிங்கம் என்று இருந்த இடத்தைச் சிவபாக்கியம் தொட்டுக் காட்டினாள். தம்பலகாமத்துக்காரர் காத்திருந்து பார்த்துவிட்டு வேறு இடத்தில் கட்டினார்கள். மாமி இருந்த மட்டும் சிவபாக்கியம் மாமிக்குத் துணை, பிறகு அவளுக்கு யாரும் இல்லை.

அவளிடம் படித்த பிள்ளைகளைக் கேட்டால் ஒன்று சொல்லுவார்கள். ஒரு காரியம் நடக்கவே நடக்காது என்று எவராவது பூச்சியம் போட்டால், சிவபாக்கியம் ரீச்சர் சிவப்புப் பேனையால் வெட்டுவா. "தெரியாத விசயத்துக்குப் பூச்சியம் போடாதையுங்கோ. ஒரு சின்ன எண்ணாவது வையுங்கோ," என்பா. பிள்ளைகள் அதைக் கணக்கு என்று நினைத்து எழுதிக்கொண்டார்கள்.

அவள் இந்தக் கதையைச் சொன்ன வருடம், பங்குனியில், சல்லிக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். அதுவரை ஒருவரையும் கூட்டிப் போனதில்லை. வீட்டு வேலியில் நின்ற அலரியில் மூன்று பூ பிடுங்கி வாழையிலையில் வைத்துக்கொண்டாள். மூன்றும் சிவப்பு. அம்மன் முன்னால் பொட்டலம் கட்டாமல், வெறுமனே, ஒவ்வொன்றாக வைத்தாள்.

"அண்டைக்கு அப்பா குடுக்காமல் விட்டது," என்றாள்.

எனக்கு வாய் சும்மா இருக்காதே. "அம்மாளுக்கும் குண்டுக்கும் சம்பந்தமில்லை எண்டாய். பிறகேன் வருஷா வருஷம் கொண்டு வாறாய்?" என்று கேட்டுவிட்டேன்.

"இப்பவும் இல்லை எண்டுதான் நினைக்கிறன்."

"அப்ப பூச்சியமோ?"

அவள் குனிந்து கடைசிப் பூவை நேராக்கி வைத்தாள். பிறகு, "அப்பாவுக்கு ஒருக்காப் போட்டனான். அது போதும்," என்றாள்.